சொல்லும் படமும் சேரும் இடம்

1658-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஒரு லத்தீன் பாடநூல் அச்சாகி வெளிவந்தது. பெயர் ‘ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’. புலன்களுக்கு எட்டும் உலகைப் படத்தில் காட்டும் நூல் என்று அதைச் சொல்லலாம். எழுதியவர் மொராவியாவைச் சேர்ந்த யான் ஆமோஸ் கொமேனியுஸ். மொத்தம் 150 பாடங்கள். பாடத்துக்கு ஒரு மரச்செதுக்குப் படம். படத்தின் கீழ் லத்தீனும் ஜெர்மனும் பக்கம்பக்கமாக. மறு ஆண்டே சார்லஸ் ஹூல் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு ஐரோப்பாவின் பல மொழிகளில் நூறாண்டுக்கு மேல் இது பள்ளிகளில் புழங்கியது. குழந்தைகளுக்கான படநூல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நூலின் சிறப்பு அதன் படங்களில் இருப்பதாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. படங்கள் அப்படியொன்றும் அழகானவை அல்ல; பல இடங்களில் செதுக்கல் முரடு. உண்மையான கெட்டிக்காரத்தனம் படத்துக்குள் ஆங்காங்கே பொறித்திருக்கும் சிறு எண்களில் இருக்கிறது. ‘பள்ளி’ என்ற பாடத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஆசிரியருக்கு எண் 2, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு 3, ஓரமாக அரட்டை அடிக்கும் பிள்ளைகளுக்கு 10, அவர்களுக்கென்று வைத்திருக்கும் பிரம்புக்கு 12. கீழே உள்ள பாடத்தில் அந்தந்தச் சொல் வரும் இடத்தில் அதே எண் நிற்கிறது. பாடமும் வெறும் பெயர்ப் பட்டியலாக இல்லை. ஆசிரியர் கற்பிக்கிறார், சிலர் மேசையில் எழுதுகிறார்கள், சிலர் நின்று ஒப்பிக்கிறார்கள், பேச்சுக்காரர்கள் அடி வாங்குகிறார்கள் என்று வினைச்சொற்களோடு முழு வாக்கியங்களாக ஓடுகிறது. மாணவனின் கண் எண்ணைப் பிடித்துக்கொண்டு படத்துக்கும் வரிக்கும் போய்வருகிறது. எது யார், யார் என்ன செய்கிறார் என்பது இரண்டிலிருந்தும் சேர்ந்து தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டின் உளவியல் ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்துச் சொன்னவற்றில் பெரும்பகுதி இந்த எண்களைப் பற்றிய விளக்கம்தான் என்று கருத இடமுண்டு. படத்தைச் சேர்த்தாலே கற்றல் கூடிவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்குச் சோதனைகள் ஆதரவு தரவில்லை. சொல்லும் படமும் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த உறவைக் காட்டுவதற்காகச் சேர்கின்றன என்பதைப் பொறுத்துப் பயன் வருகிறது, குறைகிறது, சில வேளை கேடாகவும் முடிகிறது.

நினைவில் தங்குதல்

படம் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதில் ஐயமில்லை. 1967-இல் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட் 600-க்கு மேற்பட்ட படங்களை வரிசையாகக் காட்டினார். பிறகு பழைய படம் ஒன்றையும் புதிய படம் ஒன்றையும் சேர்த்து வைத்து, முன்பே பார்த்தது எது என்று கேட்டார். நூற்றுக்கு 98 என்ற அளவில் சரியான விடை கிடைத்தது. சொற்களை வைத்துச் செய்த இதே சோதனையில் அது 90 அளவில் நின்றது. 1973-இல் லயனல் ஸ்டாண்டிங் இன்னும் ஒரு படி மேலே போய், ஐந்து நாட்களில் 10,000 படங்களைக் காட்டினார். அப்போதும் 83 விழுக்காடு சரியாக இருந்தது.

இதற்கு விளக்கம் சொன்னவர்களில் முதன்மையானவர் கனடாவின் ஆலன் பைவியோ. 1971-இல் வெளியான நூலில் அவர் முன்வைத்தது இரட்டைப் பதிவுக் கோட்பாடு. மனம் செய்தியைச் சொல் வழியாக ஒரு முறையும் உருவம் வழியாக ஒரு முறையும் பதிந்துகொள்கிறது. இரண்டு பதிவும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டவை. ஒன்று மங்கினாலும் மற்றதைக் கொண்டு செய்தியை மீட்கலாம். நாயின் படத்தைப் பார்த்தால் உருவத்தோடு ‘நாய்’ என்ற பெயரும் தானாக எழுகிறது. ‘நாய்’ என்று எழுதியதைப் படித்தால் உருவம் எழலாம், எழாமலும் போகலாம். ‘மேசை’, ‘மாம்பழம்’ போன்ற சொற்கள் ‘நேர்மை’, ‘காரணம்’ போன்றவற்றைவிட எளிதில் நினைவில் நிற்பதும் இதனால்தான். முன்னவை படமே இல்லாமலும் உள்ளுக்குள் ஒரு படத்தை எழுப்பிவிடுகின்றன.

ஆனால் நினைவில் தங்குவது வேறு, புரிவது வேறு. முன்பு பார்த்த படத்தை அடையாளம் காட்டுகிறவருக்கு அதில் நடப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாடநூலுக்கும் வகுப்பறைக்கும் தேவைப்படுவது இரண்டாவது.

ஒரு பத்தியும் ஒரு படமும்

சொல்லின் புரிதலில் படத்தின் பங்கை மிகத் தெளிவாகக் காட்டிய சோதனை 1972-இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் நடத்தியது. அவர்கள் ஒரு சிறு பத்தியை ஒலிப்பதிவில் கேட்க வைத்தார்கள். பத்தியில் கடினமான சொல் எதுவும் இல்லை, இலக்கணமும் நேரானது. பலூன்கள் வெடித்துவிட்டால் ஓசை போய்ச் சேராது, உரிய மாடி மிகவும் தொலைவில் இருக்கிறது, சன்னல் மூடியிருந்தாலும் சிக்கல், கம்பி அறுந்தாலும் சிக்கல் என்ற போக்கில் அது நீள்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் தனியாக விளங்குகிறது. மொத்தத்தில் எதைப் பற்றிய பேச்சு என்பது மட்டும் பிடிபடுவதில்லை.

ஒரு குழுவுக்குப் பத்தியைக் கேட்கும் முன் ஒரு படம் காட்டப்பட்டது. உயர்ந்த கட்டிடத்தின் மேல்மாடி சன்னலில் ஒரு பெண். கீழே தெருவில் கிதாரோடு ஓர் இளைஞன். அவன் பாட்டு அவள் காதுக்கு எட்ட வேண்டும் என்பதற்காக ஒலிபெருக்கியைப் பலூன்களில் கட்டிச் சன்னல் உயரத்துக்குப் பறக்கவிட்டிருக்கிறான். படத்தைப் பார்த்தவர்களுக்குப் பத்தி ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பத்தியில் இருந்த 14 கருத்துகளில் இவர்கள் சராசரியாக 8-ஐ நினைவுகூர்ந்தார்கள். படம் பார்க்காதவர்களுக்கு நினைவில் நின்றது 3.6. பத்தியை இரண்டு முறை கேட்டவர்களும் அதைத் தாண்டிப் பெரிதாக முன்னேறவில்லை.

சோதனையின் சுவாரசியமான பகுதி இதற்கு மேல்தான். இன்னொரு குழுவுக்கு அதே படம் பத்தி முடிந்த பிறகு காட்டப்பட்டது. அவர்களுக்கும் கிடைத்தது 3.6-தான். கேட்டு முடித்ததை மனம் பின்னோக்கிப் போய்ச் சீர் செய்துகொள்ளவில்லை. மற்றொரு குழுவுக்கு முன்கூட்டியே ஒரு படம் தரப்பட்டது. அதிலும் பலூன், ஒலிபெருக்கி, கிதார், பெண், கட்டிடம் எல்லாம் இருந்தன, வேறு விதமாக இடம் மாற்றி வைக்கப்பட்டிருந்தன. இவர்களின் சராசரி 4. பொருள்கள் அத்தனையும் கண்ணுக்கு முன் இருந்தும் பயனில்லை. எது எதோடு எப்படித் தொடர்புடையது என்பதைக் காட்டிய படமே உதவியது. படத்தால் வரும் ஆதாயம் பொருளின் உருவத்தில் இல்லை, பொருள்களுக்கு இடையிலான உறவில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. சொல்லும் படத்தை மாற்றுகிறது. 1932-இல் கார்மைக்கேல், ஹோகன், வால்ட்டர் ஆகிய மூவர் இரண்டு வட்டங்களை ஒரு கோட்டால் இணைத்த உருவம் போன்ற எளிய வரைவுகளைக் காட்டினார்கள். சிலருக்கு அதை மூக்குக்கண்ணாடி என்றும் சிலருக்கு உடற்பயிற்சிக்கான டம்பெல் என்றும் பெயர் சொன்னார்கள். பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது முதல் குழுவினரின் வரைவு கண்ணாடியின் பக்கம் சாய்ந்தது, மற்றவர்களுடையது டம்பெல் பக்கம் சாய்ந்தது. காட்டியது ஒரே உருவம். செய்தித்தாள் புகைப்படத்தின் கீழ் வரும் ஒற்றை வரிக்கு உள்ள அதிகாரம் இங்கிருந்து வருவதுதான்.

கேட்கும்போதே பார்க்கும் கண்

1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேனன்ஹவுஸும் உடன் ஆய்ந்தவர்களும் வேறொரு வழியைத் திறந்தார்கள். கேட்பவரின் கண் எங்கே போகிறது என்பதை ஒரு கருவி பதிவு செய்ய, மேசைமேல் உள்ள பொருள்களைப் பற்றி அவருக்குக் கட்டளைகள் தரப்பட்டன. துண்டின் மேல் உள்ள ஆப்பிளைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லும் ஆங்கில வாக்கியம் அவற்றில் ஒன்று. ஆங்கிலச் சொல்வரிசையில் முதலில் ‘ஆப்பிளை வை’, பிறகு ‘துண்டின் மேல்’, கடைசியில் ‘பெட்டிக்குள்’ என்று வரும். பாதி வாக்கியம் கேட்டவருக்கு ஆப்பிளைத் துண்டின் மேல் வைக்கச் சொல்வதாகத் தோன்றுவது இயல்பு. மேசையில் ஒரே ஓர் ஆப்பிள் இருந்தபோது கண்கள் அப்படித்தான் தவறிப்போய், ஓரமாகக் கிடந்த வெறுந்துண்டைப் பார்த்தன. இரண்டு ஆப்பிள்கள், ஒன்று துண்டின் மேலும் மற்றது கைக்குட்டை மேலும் இருந்தபோது அந்தத் தவறு நடக்கவில்லை. எந்த ஆப்பிள் என்று பிரித்துச் சொல்லவே ‘துண்டின் மேல்’ வருகிறது என்பது காட்சியிலிருந்தே தெரிந்துவிட்டது. வாக்கியத்தின் இலக்கணத்தை முதலில் முடித்துக்கொண்டு பிறகுதான் மனம் உலகைப் பார்க்கிறது என்ற கருத்து இதன் பின் நிற்க முடியாமல் போயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து ஆல்ட்மனும் கமிடேயும், சொல் வருவதற்கு முன்பே கண் அங்கே போய்விடுவதைக் காட்டினார்கள். படத்தில் ஒரு சிறுவன், ஒரு கேக், சில விளையாட்டுப் பொருள்கள். ஆங்கில வாக்கியத்தில் ‘சாப்பிடுவான்’ என்ற வினை காதில் விழுந்த உடனே, ‘கேக்’ என்று சொல்லி முடிக்கும் முன்பே, கண் கேக்கில் நின்றது. ‘நகர்த்துவான்’ என்ற வினையைக் கேட்டவர்களிடம் இது இல்லை. வினை இறுதியில் வரும் மொழியில் இதற்கு வழியே இல்லையே என்று தோன்றலாம். 2003-இல் இதே குழு ஜப்பானிய மொழியில் செய்த சோதனை அந்த ஐயத்தைத் தீர்த்தது. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில் வருகிறது. யார், யாருக்கு, எதை என்பதைப் பெயரோடு ஒட்டும் உருபுகள் காட்டுகின்றன. பரிமாறும் பெண், வாடிக்கையாளருக்கு என்ற அளவில் உருபுகளோடு கேட்டதுமே, கொடுக்கப்படப்போகும் உணவின் படத்தை நோக்கிக் கண் நகரத் தொடங்கிவிட்டது. தமிழில் கேட்பவருக்கும் ‘-க்கு’ என்ற உருபு இதே வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்கலாம்.

இந்த முன்னோட்டம் எல்லாருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. 2012-இல் ரமேஷ் மிஸ்ரா, ஃபால்க் ஹியூட்டிக் முதலியோர் அலகாபாத் வட்டாரத்தில் இந்தி பேசுபவர்களிடம் நடத்திய சோதனை அதைச் சொல்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பக்கம், எழுத்தறிவு குறைந்தவர்கள் மறுபக்கம். இந்தியில் ‘உயரமான கதவு’ என்று சொல்லும்போது ‘உயரமான’ என்ற அடையே அடுத்து வரும் பெயரின் பாலைக் காட்டிவிடும். மாணவர்களின் கண் அடையைக் கேட்டதுமே கதவின் படத்துக்குப் போனது. மற்றவர்களின் கண் ‘கதவு’ என்ற சொல் காதில் விழுந்த பிறகே போனது. இரு சாராரும் நாள் முழுவதும் பேசும் மொழி ஒன்றுதான். எழுத்தைப் படித்துப் பழகுவது, எழுத்தே இல்லாத இடத்திலும் காதையும் கண்ணையும் வேகப்படுத்துகிறது. படக்காட்சிக்கு ஓடும் விளக்கவுரையின் வேகத்தை முடிவு செய்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பது நல்லது.

இயங்கும் பொருளை விளக்குதல்

சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் பம்பு எப்படி வேலை செய்கிறது? கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியை வைத்து ஆய்வு நடத்தினார். கைப்பிடியை மேலே இழுத்தால் உலக்கை மேலே போகிறது, உள்வால்வு திறக்கிறது, வெளிவால்வு மூடுகிறது, உருளைக்குள் காற்று புகுகிறது. கீழே அழுத்தினால் எல்லாம் தலைகீழாக நடந்து, காற்று குழாய் வழியே வெளியேறுகிறது. பாடம் அவ்வளவுதான். கற்றவர்களிடம் மேயர் கேட்ட கேள்விகளில் ஒன்று: பலமுறை அடித்தும் காற்று வரவில்லை என்றால் எங்கே பழுது இருக்கலாம்? மனப்பாடத்தில் இருந்து இதற்கு விடை சொல்ல முடியாது.

1990-இல் மேயரும் கல்லினியும் பம்பு, வாகனத்தின் பிரேக், மின்னியற்றி ஆகிய மூன்றுக்கும் நான்கு வகைப் பாடங்கள் தயாரித்தார்கள். ஒன்றில் படம் இல்லை. ஒன்றில் பாகங்களின் பெயர் மட்டும் குறித்த படம். ஒன்றில் இயக்கத்தின் படிகளை மட்டும் சொல்லும் படம். கடைசியில், பாகப் பெயரும் ஒவ்வொரு படியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்த படம். பொருளைப் பற்றி முன்னறிவு குறைந்த மாணவர்களுக்குப் பழுது கண்டுபிடிக்கும் கேள்விகளில் உதவியது கடைசி வகை ஒன்றே. பாகம் மட்டும் குறித்த படம், படமே இல்லாத பாடத்தைவிடப் பெரிதாக மேம்படவில்லை. பலூன் சோதனையில் இடம் மாற்றி வைத்த படத்துக்கு நேர்ந்த கதிதான் இதற்கும்.

தமிழ்நாட்டில் அறிவியல் படித்த எவருக்கும் ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்ற தேர்வுக் கேள்வி பழக்கமானது. பென்சிலை நன்றாகச் சீவி, அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, வலப்பக்கம் வரிசையாகப் பெயர் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். வலது இதயக்கீழறை என்று சரியான இடத்தில் எழுதிய மாணவரிடம், அங்கிருந்து ரத்தம் எங்கே போகிறது, திரும்பி வராமல் தடுப்பது எது என்று கேட்டால் விடை வரும் என்று உறுதியில்லை. ‘இந்த வால்வு மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டு’ என்று கேள்வியை மாற்றினால் அதே படம் வேறு வேலை செய்யும்.

சொல்லும் படமும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதும் முக்கியம். மேயரும் ஆண்டர்சனும் 1991-இல் பம்பின் அசைபடத்தை ஒரு குழுவுக்கு விளக்கவுரையோடு ஒரே நேரத்தில் காட்டினார்கள்; இன்னொரு குழுவுக்கு உரையை முதலில் சொல்லி முடித்துப் படத்தைப் பிறகு காட்டினார்கள். இரு குழுவுக்கும் கிடைத்த சொல்லும் ஒன்று, படமும் ஒன்று. சிக்கல் தீர்க்கும் கேள்விகளில் முதல் குழு தெளிவாக முந்தியது. காகிதத்திலும் இதே நிலை. ‘படம் 4.7-ஐக் காண்க’ என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டு, படத்தைப் பக்கம் திருப்பினால் வரும் இடத்தில் வைத்தால், படிப்பவர் ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டு மற்றதைத் தேட வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் அவர் மாணவர்களும் இதற்குப் பிளவுண்ட கவனம் என்று பெயரிட்டு, 1980-களின் கடைசியிலிருந்து வடிவியல் கணக்குகளிலும் மின்சுற்றுப் பாடங்களிலும் சோதித்தார்கள். விளக்க வரிகளை வெட்டிப் படத்துக்குள் உரிய இடத்தில் ஒட்டிய உடனே கற்றல் மேம்பட்டது. 2018 முதல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் அச்சான கியூஆர் கோடுகளுக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். கைபேசியை எடுத்து, அந்தக் குறியீட்டைப் பிடித்து, காணொளி திறப்பதற்குள் மாணவர் படித்த வரி மனத்தை விட்டுப் போயிருக்கும்.

காரணம் மனத்தின் கொள்ளளவில் இருக்கிறது. 1974-இல் பேட்லியும் ஹிட்ச்சும் முன்வைத்த செயல்நினைவுக் கோட்பாட்டின்படி, கேட்ட சொல்லைச் சில நொடிகள் வைத்திருக்க ஓர் இடமும், பார்த்த உருவத்தை வைத்திருக்க இன்னோர் இடமும் உண்டு, இரண்டும் சிறியவை. அசைபடத்தைக் கண் பார்க்க, விளக்கத்தைக் காது கேட்டால் இரண்டுக்கும் வேலை பங்காகிறது. விளக்கத்தைத் திரையில் எழுத்தாகப் போட்டால், ஒரே கண் படத்தையும் பார்த்து எழுத்தையும் படிக்க வேண்டும். பேசுவதையே திரையிலும் எழுதிக் காட்டுவது இன்னும் மோசம். மேயரின் குழு 2001-இல் மின்னல் உருவாவதை விளக்கும் அசைபடத்தில் உரையோடு அதே வரிகளையும் திரையில் ஓடவிட்டபோது புரிதல் குறைந்தது. கருத்தரங்குகளில் திரையில் உள்ள வரிகளை அப்படியே வாசித்துக் காட்டும் வழக்கம் இத்தனைக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. எழுத்தே பாடமாக இருக்கும் இடம் அது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பிரிஜ் கோத்தாரி 1990-களில் தொடங்கிய முயற்சியில், தொலைக்காட்சித் திரைப்பாடல்களின் கீழ் அதே மொழியில் பாடல் வரிகள் ஓடின. பாட்டு நெஞ்சில் இருக்கிறது, அடுத்து வரும் சொல்லும் தெரியும். தடுமாறிப் படிப்பவர் எழுத்தை ஒலியோடு பொருத்திப் பார்க்க இது வாய்ப்பாக அமைந்தது. மின்னல் பாடத்தில் மிகையாய் நின்ற எழுத்து இங்கே பயிற்சிப் பொருளாகிவிட்டது.

கவர்ச்சிக்காகச் சேர்க்கும் படங்களைப் பற்றியும் ஒரு சொல். ஹார்ப்பும் மேயரும் 1998-இல் அதே மின்னல் பாடத்தில், மின்னல் தாக்கிய விளையாட்டு வீரனின் கருகிய சட்டை போன்ற செய்திகளையும் படங்களையும் சேர்த்தார்கள். மாணவர்கள் அவற்றை ரசித்துப் படித்தார்கள். மேகத்தில் மின்னேற்றம் பிரியும் முறையைக் கோட்டைவிட்டார்கள். பதிப்பகங்கள் பக்கத்தை நிறைக்கச் சேர்க்கும் படங்கள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை.

எழுத்துக் கற்கும் குழந்தை

கதை கேட்கும் குழந்தைக்குப் படம் உதவும். எழுத்துக் கூட்டக் கற்கும் குழந்தைக்கு அதே படம் குறுக்கே நிற்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் படநூல் பற்றிய விவாதங்கள் முடிவில்லாமல் போகின்றன.

கனடாவில் மேரி ஆன் எவான்ஸும் ஜான் செயின்ட்-ஓபினும் பெற்றோர் மடியில் கதை கேட்கும் சிறு பிள்ளைகளின் கண் அசைவைப் பதிவு செய்து 2005-இல் வெளியிட்டார்கள். கண் ஏறத்தாழ முழு நேரமும் படத்திலேயே இருந்தது. எழுத்தின் பக்கம் அரிதாகவே வந்தது. கதையின் போக்கையும் புதுச் சொற்களையும் பிடித்துக்கொள்ள இது நல்ல ஏற்பாடு. எழுத்தைத் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஜே சாமுவேல்ஸ் 1967-லேயே இதைச் சோதித்திருந்தார். படிக்கத் தெரியாத குழந்தைகளுக்குச் சில சொற்களைப் படத்தோடு ஒரு குழுவுக்கும் படமில்லாமல் இன்னொரு குழுவுக்கும் கற்றுக்கொடுத்தார். கற்பிக்கும்போது படக்குழு பிரமாதமாக விடை சொன்னது. படத்தை எடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் காட்டியபோது படமில்லாமல் கற்ற குழு முந்தியது. எளிய வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் குழந்தை கடினமான வழியில் போவதில்லை.

தமிழ் அரிச்சுவடிகளும் சுவரில் தொங்கும் எழுத்துப் படங்களும் ஆடு, இலை என்று எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் வைக்கின்றன. ‘இ’ என்ற எழுத்துக்கும் இலையின் உருவத்துக்கும் தொடர்பில்லை; இலையைப் பார்த்து ‘இ’ என்று சொல்லும் குழந்தை எழுத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. ‘ஈ’ இன்னும் வேடிக்கை. எழுத்தின் பெயரும் படத்தின் பெயரும் ஒன்றாக இருப்பதால், ‘ஈ’ என்று சரியாகச் சொல்லும் குழந்தை எதைப் படித்தது என்பது ஆசிரியருக்கும் தெரியாது.

இதற்கு மாற்றை லின்னியா எரியும் உடன் ஆய்ந்தவர்களும் 1984-இல் சோதித்தார்கள். ஆங்கில ‘எஃப்’ எழுத்தைப் பூச்செடியின் தண்டாகவும் ‘எச்’ எழுத்தைப் புகைபோக்கியுள்ள வீடாகவும் வரைந்தார்கள். அந்தந்தப் பொருளின் ஆங்கிலப் பெயரும் அதே ஒலியில் தொடங்கும். எழுத்தின் வடிவமே படத்துக்குள் இருந்ததால், படத்தை நினைத்தால் எழுத்து நினைவுக்கு வந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் வெறுமனே படம் வைத்த குழுவுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. கொமேனியுஸ் தம் நூலின் முகப்பில் வைத்த அகரவரிசையும் ஒலியைப் பிடிக்க முயன்ற ஒன்றுதான். அதில் காக்கை கரைகிறது, பாம்பு சீறுகிறது. வடிவத்தை இணைக்க அவர் முயலவில்லை. தமிழில் ‘ட’, ‘ப’ போன்ற எளிய வடிவங்களுக்கு இப்படிப் படம் அமைப்பது எளிது. ‘ஐ’, ‘ஔ’ போன்றவற்றில் வலிந்து செய்தால் குழப்பமே மிஞ்சும்.

படத்தைப் படமாகப் பார்க்கக் குழந்தை கற்கவும் வேண்டும். ஜூடி டிலோச் காட்டியபடி, ஒன்பது மாதக் குழந்தை படத்தில் உள்ள பொருளைக் கையால் பறிக்கப் பார்க்கிறது. பத்தொன்பது மாதம் ஆகும்போது சுட்டிக் காட்டுகிறது. பிரைஸ்லரும் கேரியும் 2004-இல், முட்டை அடிக்கும் கம்பிக் கருவியின் படத்தைக் காட்டி அதன் பெயரை 18, 24 மாதக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு படத்தையும் உண்மைக் கருவியையும் சேர்த்து வைத்து அந்தப் பெயரைச் சொன்னபோது, குழந்தைகள் கருவியை நாடினார்கள். படத்தை ஒட்டிச் சொன்ன சொல், படத்தைத் தாண்டிப் பொருளுக்குப் போய்விட்டது. திறந்து மூடும் மடிப்பும் எழும்பி நிற்கும் அட்டையும் உள்ள புத்தகங்களில் குழந்தைகள் குறைவாகவே கற்கிறார்கள் என்று டிலோச் குழுவின் பின்னைய ஆய்வுகள் கண்டன. அங்கே புத்தகமே விளையாட்டுப் பொருளாகி, சுட்டும் வேலையை விட்டுவிடுகிறது.

யாருக்கு எந்தப் படம்

பெரியவர்களுக்கும் படத்தின் வழக்காறுகள் கற்றுத் தேர வேண்டியவையே. 1960-இல் வில்லியம் ஹட்சன் தென்னாப்பிரிக்காவில் வேடன், மான், யானை உள்ள கோட்டுப் படங்களைக் காட்டியபோது, பள்ளி செல்லாதவர்களில் பலர் தொலைவில் உள்ளதைச் சிறிதாக வரையும் மரபைப் படிக்கவில்லை; சிறிய யானையே வேடனுக்கு அருகில் இருப்பதாகக் கொண்டார்கள். அவர்களுக்கு ஆழம் தெரியாது என்று அந்நாளில் சிலர் முடிவு கட்டியது அபத்தம். தெரியாதது தாளின் மரபு.

எளிய வாக்கியமும் உரிய படமும் சேர்ந்தால் கிடைக்கும் பயனுக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு சான்று உண்டு. 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவசரப் பிரிவில் காயத்துக்குத் தையல் போட்டு வீடு திரும்பியவர்களில் பாதிப்பேருக்குக் கோட்டோவியங்களோடு குறிப்புத்தாள் தரப்பட்டது, மற்றவர்களுக்கு எழுத்து மட்டும். மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது, படத்தாளைப் பெற்றவர்களில் 98 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 79 விழுக்காட்டினரும் அதைப் படித்திருந்தார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடை சொன்னவர்கள் முதல் குழுவில் 46 விழுக்காடு, மற்றதில் 6 விழுக்காடு. சொன்னபடி காயத்தைக் கவனித்துக்கொண்டவர்கள் முதல் குழுவில் 77 விழுக்காடு, மற்றதில் 54 விழுக்காடு.

ஒருவர் படம் பார்த்துக் கற்பவர், மற்றொருவர் கேட்டுக் கற்பவர் என்று மாணவர்களை வகை பிரிக்கும் வழக்கத்துக்கு இத்தகைய ஆதாரம் இல்லை. 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் மற்ற மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, வகைக்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றார்கள். ஆசிரியர் பயிற்சிகளில் இந்த வகைபிரிப்பு இன்னும் நடக்கிறது. மாணவர்களிடையே உண்மையில் கணக்கில் வரும் வேறுபாடு, பாடத்தைப் பற்றி ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதே.

கல்யூகா, சாண்ட்லர், ஸ்வெல்லர் மூவரும் மின்பணி பயிலும் தொழிற்பயிற்சியாளர்களிடம் இதைப் பின்தொடர்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில், மின்சுற்றுப் படத்துக்குள்ளேயே விளக்க வரிகளைப் பதித்த தாள் அவர்களுக்கு நன்றாக உதவியது. பயிற்சி ஏற ஏற அந்த உதவி குறைந்து, பிறகு இடையூறாயிற்று. விளக்கமே இல்லாத வெறும் சுற்றுப்படத்தைத் தந்தபோது அவர்கள் வேகமாகக் கற்றார்கள். தெரிந்ததை மறுபடி படிக்கவும், படத்தோடு பொருத்தவும் செலவாகும் கவனம் வீணாகிறது. பாடநூலோ முதல் நாள் வந்தவருக்கும் கடைசிப் பருவத்தில் இருப்பவருக்கும் ஒரே பக்கத்தைத்தான் தருகிறது. ஆசிரியர் அப்படி இருக்க வேண்டியதில்லை. முதல் மாதம் கரும்பலகைப் படத்தில் வரிகளை எழுதிவைத்து, பிறகு அவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து, மாணவர்களையே சொல்லவைக்க அவரால் முடியும்.